முதுகு என்று எழுதிய பெட்டி

1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் சொல்வது இதுதான்: மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் எதுவானாலும், அது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே கிடைத்தது, என்றைக்குக் கிடைத்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பொருளைப் பக்கத்துக் கஜானாவில் ஒப்படைக்க வேண்டும். நான் முப்பத்து மூன்று வருஷம் ரெவின்யூ இலாகாவில் குப்பை கொட்டியவன். இந்தச் சட்டத்தின்படி தானாக நடந்துகொண்ட ஒரே ஒரு மனிதரைத்தான் பார்த்திருக்கிறேன். அவருக்கு எழுதத் தெரியாது. பத்து ரூபாயை மொத்தமாகப் பார்த்ததும் இல்லை. இப்படி ஒரு சட்டம் இருப்பதும் அவருக்குத் தெரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில், பெரம்பலூர் தாலுகா கச்சேரித் தாழ்வாரத்தில் ஈரச் சாக்கு சுற்றிய ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றார். நாற்பது வயசிருக்கும். நெட்டை உருவம், ஒட்டிய வயிறு, தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. அவரும் அவர் மச்சானும் எட்டு மைல் மாறி மாறித் தலையில் சுமந்து வந்ததாகப் பிறகு தெரிந்தது. அங்கே குமாஸ்தாவாக இருந்த நான்தான் எழுந்து போய்க் கேட்டேன்.

"என்னப்பா அது?"

"சாமி, சாமி."

"என்ன சாமி?"

"சாமிதான், சாமி."

இதில் குழப்பம் எங்கே என்றால், அந்தக் காலத்தில் அவர் தெருக்காரர்கள் எங்களைப் போன்றவர்களை எல்லாம் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். தாசில்தார் முதல் டவாலிப் பியூன் வரை அந்த ஆபீசில் பதினோரு சாமிகள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தோம். ஹெட்கிளார்க் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டாவதா ஒண்ணு வந்திருக்காக்கும்? அதுக்கு எந்த கிரேடு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சாக்கைப் பிரித்ததும் சிரிப்பு நின்றது.

இரண்டடி உயரத்தில் ஒரு அம்மன். செம்பும் பச்சையும் கலந்த நிறம். முகம் தேய்ந்து போயிருந்தது. பூ ஏந்தும் வலது கையில் விரல்கள் இல்லை. ஆனால் நிற்பதைப் பார்த்தால், இப்போதுதான் எங்கிருந்தோ நடந்து வந்து ஒரு காலில் பாரத்தை மாற்றிக்கொண்டு நிற்பது போல இருந்தது.

ஏரியில் வண்டல் வெட்டும்போது கிடைத்ததாம். கிராம முன்சீப்பிடம் கொடுக்காமல் ஏன் இங்கே கொண்டுவந்தாய் என்று கேட்டேன். விதிப்படி அவர் மூலமாகத்தான் வந்திருக்க வேண்டும்.

"முன்சீப்புகிட்ட குடுத்தா ஊருக்குள்ள போயிடும் சாமி. ஊருக்குள்ள நான் போவ முடியாதுல்ல. அப்புறம் எப்புடிப் பாக்குறது?"

இந்தக் காரணத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அவர் சொன்னதை நான் எழுதி, அவர் கைநாட்டு வைத்தார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் ஏறியது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ரிக்கார்டு அறையில் இருக்கிறது, கரையான் விட்டுவைத்திருந்தால்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைக் காட்டினாலும் அதன் பின்னால் போய்ப் பார்ப்பார்.

மாடு வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது. மாட்டின் பின்னால் பத்தடி தள்ளிக் குந்திக்கொண்டு, அதை நடக்கவிட்டுப் பார்ப்பார். "மூஞ்சி பொய் சொல்லும், முதுகுக்குச் சொல்லத் தெரியாது" என்பார். சிறுவாச்சூர்ப் பக்கத்து மாட்டுத் தரகர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அம்மன் விஷயமாக அடிக்கடி கச்சேரிக்கு வருவார். ஒரு நாள் என்னிடம் தயங்கித் தயங்கி வந்து, "கோவிச்சுக்கப்படாது சாமி. சட்ட முதுகுல ஒரு சாண் கிழிஞ்சிருக்கு" என்றார். கழற்றிப் பார்த்தேன். உண்மைதான். ஆபீஸ் முழுக்க அதைப் பார்த்துத்தான் இருந்திருக்கிறது. சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.

தாசில்தார் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தபோது சக்கரவர்த்தியின் படத்தை இறக்கித் தாழ்வாரத்தில் சாத்தி வைத்தார்கள். இவர் அங்கே காத்துக்கொண்டிருந்தார். மெல்ல எட்டிப் படத்தின் பின்னால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஒரு சங்கடமான சமாச்சாரத்தைச் சொல்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ராசாவுக்கு முதுகு இல்ல சாமி. பல்லி முட்டதான் இருக்கு."

அந்த வருஷங்களில் இதற்குக் குறைந்தது ஆறு மாதம் கிடைக்கும். ஹெட்கிளார்க் காதில் விழாதது போல மூக்குப்பொடி போட்டுக்கொண்டார்.

எல்லார் முதுகையும் பார்த்த அந்த மனிதரின் முதுகை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. போகும்போது திரும்பமாட்டார். சாமிகளுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். கும்பிட்ட கையோடு பின்னாலேயே நகர்ந்து, மூன்று படியும் அப்படியே இறங்கி, வேப்பமரம் தாண்டிய பிறகுதான் திரும்புவார். ஒரு நாள்கூடக் கால் இடறியதில்லை.

அம்மனைச் சட்டப்படி கஜானாவில் வைத்தோம். இரும்புக் கதவு, சன்னல் கிடையாது, துப்பாக்கியோடு இரண்டு போலீஸ். காவலர்கள் மறுநாளே நெற்றியில் குங்குமம் வைத்து, காதோரம் செவ்வரளி செருகிவிட்டார்கள். வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது கஜானா விதி. இவரோ பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்து, "ஒரு தடவ பாத்துட்டுப் போயிடட்டுங்களா?" என்று நிற்பார். பொறுக்கமுடியாமல் நான் ஒரு நடைமுறையை உண்டாக்கினேன். 'கண்டெடுத்தவர் நேரில் வந்து பொருளின் அடையாளத்தைச் சரிபார்த்தல்' என்று ஒரு தலைப்பு. அதற்கு ஒரு நோட்டு. தாசில்தார் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். இல்லாத விதியை யாரும் எதிர்க்கமாட்டார்கள் என்பது நான் அன்று கற்றது.

உள்ளே போனதும் அரிக்கேன் விளக்கை வாங்கிக்கொண்டு நேராக அம்மனின் பின்னால் போய்க் குந்துவார். கும்பிடமாட்டார். வாய் பேசமாட்டார். பார்ப்பார். காவலர் இருமும்வரை பார்ப்பார். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, சரிபார்த்தல் சரியாக நடக்கிறதா என்று சரிபார்க்க நானும் உள்ளே போனேன். முன்னால் நின்று வழக்கப்படி கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இப்படி வாங்க சாமி" என்றார்.

போனேன். விளக்கைக் கொஞ்சம் சாய்த்தார்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கோயிலுக்குப் போகிறேன். அம்மனுக்கு முதுகு உண்டு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கருவறையில் பின்னால் சுவர். உற்சவத்தில் பட்டும் மாலையும். பெருமாள் கோயில்காரர்கள் பின்னழகு என்பார்கள், அதுவும் பூவின் அழகுதான். இங்கே பட்டும் பூவும் இல்லாமல் முதுகு இருந்தது. தலைக்குப் பின்னால் ஒரு சிறு சக்கரம், அதன் நடுவிலிருந்து ஒரு குஞ்சம். அதற்குக் கீழே கழுத்தில் சுருள்சுருளாக முடி. ஒவ்வொரு சுருளும் வேறு. ஒன்று மட்டும் வரிசையிலிருந்து விலகி, காற்றில் கலைந்தது போல இடது தோளில் கிடந்தது. முதுகுத் தண்டு ஒரு மெல்லிய பள்ளமாக இறங்கி, பாரம் மாறிய இடுப்போடு வளைந்து போயிற்று. அரையில் கட்டிய பட்டையில் ஒரு முடிச்சு. முடிச்சிலிருந்து பிரிந்து தொங்கும் ஒரே ஒரு நூல், அதுவும் வார்த்தது. முன்பக்கத்தைக் காலம் தின்றிருந்தது. பின்பக்கம் நேற்று முடித்தது போல இருந்தது.

அந்த மூச்சுமுட்டும் அறையில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எத்தனையோ தலைமுறைக்கு முன் ஒருவன், ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும், ஒரு நூலுக்காக உட்கார்ந்திருக்கிறான்.

"முன்னால செஞ்சது கும்புடறவனுக்கு" என்றார் அவர். "பின்னால செஞ்சது யாருக்கு சாமி?"

நான் பி.ஏ. படித்தவன். சரிபார்த்தல் நோட்டைத் திறந்து தேதி போட்டேன்.

இதற்குள் அவர் ஊர்த் தர்மகர்த்தாவிடமிருந்து மனு வந்தது. அம்மன் தங்கள் கோயிலைச் சேர்ந்தது, பழங்காலத்தில் ஏரியில் ஒளித்து வைத்தது, உடனே ஒப்படைக்க வேண்டும். அதுவரை சரி. மனுவின் கடைசி வரியில், விரல் போன மூளிச் சிலை பூஜைக்கு ஆகாது என்பதால் அதை உருக்கி, குறையில்லாத புது அம்மனாக வார்க்கப் போவதாக இருந்தது. அப்படிச் செய்வது நம் வழக்கம்தான். யுத்தகாலத்தில் உலோகம் கிடைப்பதும் அபூர்வம். மனுவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

படித்துக் காட்டினேன். அவர் தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"உருக்கினா மூஞ்சி வேற நல்லதா வரும் சாமி. அந்த முதுகு திரும்பி வருமா?"

சட்டப்படி, உரிமை கோருகிறவர்கள் குறிப்பிட்ட நாளில் நேரிலோ, அதிகாரம் பெற்ற ஆள் மூலமோ வந்து சொல்ல வேண்டும். கலெக்டர் சார்பில் டிவிஷன் ஆபீசர் விசாரிக்க வந்தார். தர்மகர்த்தா வரவில்லை. அவருடைய காரியஸ்தர் மட்டும் மடித்த குடையோடு வந்தார்.

"உங்க எசமான் எங்கய்யா?" என்றார் டிவிஷன் ஆபீசர்.

"அவுக எப்படிங்க வருவாக? எதிர்க்கட்சி யாருன்னு பாத்தீங்கள்ல? டவாலி ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல கூப்புடுவான். அவன் ஒரு பக்கம் நிக்க, இவுக ஒரு பக்கம் நிக்கறதா?"

"சரி, நீர் வந்திருக்கிறீர். அதிகாரப் பத்திரம்?"

"எசமான் வாய்ச்சொல்லே பத்திரந்தானுங்க."

"அது உங்க ஊர்ல. இது பெரம்பலூர்."

ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அம்மன் அன்று மாலையே ஊருக்குப் போயிருக்கும், மறுமாதம் உலையில் இறங்கியிருக்கும். ஆனால் அந்த இரண்டு வரியில் இன்னாருக்கு எதிராக என்று எழுத வேண்டும். எதிரில் இருப்பவர் பெயரைத் தன் கையால் எழுத அந்தப் பெரிய மனிதருக்கு மனசு வரவில்லை. அவர் கௌரவம் அம்மனைக் காப்பாற்றியது. இலாகா வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே நல்ல கௌரவம் அதுதான்.

பிறகு டவாலி இவரைக் கூப்பிட்டான். வந்து நின்றார். டிவிஷன் ஆபீசர் நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும் என்று நினைப்பவர்.

"வண்டல்ல கவுந்து கெடந்துச்சுன்னு சொல்லியிருக்க. திருப்பிப் பாக்கறதுக்கு முந்தியே சாமின்னு கத்தினியாம், உன் மச்சான் சொல்றான். மூஞ்சியே பாக்காம எப்படிய்யா சாமின்னு தெரிஞ்சுது?"

இவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"எனக்கு முதுகுதானே சாமி தெரியும்" என்றார்.

"அப்படின்னா?"

"எங்க தெருவுக்குச் சாமி வராதுங்க. தேரடி முக்கு வரைக்கும் வந்து அப்படியே திரும்பிக்கும். நாங்க முக்குக்கு இந்தாண்ட நிப்போம். திரும்பிப் போறப்ப, பூவெல்லாம் வாடி உதுந்து, மால நடுவுல கொஞ்சம் செம்பு மின்னும். எங்கப்பன் தோள்ல தூக்கி வச்சிக்கிட்டு, 'அதோ பாரு சாமி'ம்பாரு. நான் பாத்த சாமியெல்லாம் அந்தப் பக்கமாத்தான் போயிருக்கு."

ஆபீசர் பேனாவை மூடினார். மறுபடியும் திறந்தார். வாக்குமூலத்தில் எழுத வேண்டியது அவர் வேலை. 'அடையாளம் முன்பழக்கத்தால் அறிந்தது' என்று எழுதினார்.

கோயிலின் உரிமை நிரூபிக்கப்படவில்லை. ஏரி சர்க்கார் புறம்போக்கு, நிலச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் அம்மன் கண்டெடுத்தவரைச் சேர்ந்தது, சர்க்கார் விலைக்கு எடுத்துக்கொண்டால் ஒழிய. எந்த அம்மன் கோயில் வாசலிலும் நிற்க விடாத ஒரு மனிதருக்கு ஒரு அம்மன் சொத்தானாள். இது இந்தியா கெஜட்டில் இருக்கிற சட்டம், என் கற்பனை இல்லை.

நான் வாழ்த்துச் சொல்லப் போனேன்.

"நான் எங்க சாமி வச்சிக்கிறது? என் வூட்டுக்குக் கதவே இல்ல. ஊர்ல நாலு பேரு வந்து குடுடான்னா குடுத்துத்தானே ஆவணும்? அடுத்த நாளு உலைதான்."

ஆகவே இருந்தது ஒரே வழி. சர்க்கார் எடுத்து மியூசியத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த ஊர் மியூசியம் என்பதை விட்டுவிடுகிறேன். நல்ல கலைச் சேகரம் அவர்களுடையது, அங்கிருந்தவர்கள் மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது. எழுதினோம். பதில் வந்தது: இதே வகை உருவங்கள் பல தங்களிடம் இருக்கின்றன, முகம் தேய்ந்து, விரல் இல்லாத இது தேவைப்படாது, வேறு சிறப்பு ஏதேனும் இருப்பின் போட்டோ அனுப்பலாம்.

யுத்தகாலத்தில் பெரம்பலூரில் பிலிமுக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரைப் பிடித்தேன். வரதராஜன்பேட்டைக்காரர், கழுத்தில் ஜெபமாலை, வாயில் வெற்றிலை. முன்பக்கத்தை அரைமணியில் வரைந்துவிட்டுக் கிளம்பினார்.

"பின்பக்கமும் வேணும் மாஸ்டர்" என்றேன்.

"அதுல என்ன சார் இருக்கும்? எங்க கோயில்ல மாதா சுரூபத்துக்குப் பின்னாடி கைய வுட்டுப் பாருங்க, வெறும் மரக்கட்டதான். செவுத்தப் பாத்து நிக்கற பக்கத்துக்கு எவன் மெனக்கெடுவான்?"

அன்று சரிபார்க்க வந்திருந்த இவர் விளக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மாஸ்டர் முனகிக்கொண்டே போனார். வெற்றிலை மெல்லுவது நின்றது.

"மாதாவே" என்றார் மாஸ்டர். அப்புறம் மெதுவாக, "இவன் மெனக்கெட்டிருக்கான் சார்."

பின்பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. இவர் மாஸ்டரின் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

"அந்த முடிச்சுல ஒரு நூலு தொங்குதே, அத வுட்டுட்டீங்க சாமி."

"போடுறேன்ப்பா, போடுறேன். என்னைச் சாமிங்காத. எங்க ஊர்ல சாமின்னா பங்குச் சாமியாரு ஒருத்தர்தான். காதுல விழுந்தா கோவிச்சுக்குவாரு."

"அந்த ஒத்தச் சுருளு இன்னும் கொஞ்சம் தோள்ல எறங்கணும்."

"நீ வரையிறியா, நான் வரையட்டுமா?"

மூன்றாம் நாள் மாஸ்டர் படத்தை அவரிடம் நீட்டினார். இவர் வாங்கி நீளப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தார். வெள்ளைத் தாள். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மனுக்கு முதுகு இந்தப் பக்கம், அப்ப மூஞ்சி அந்தப் பக்கமா இருக்கும்னு பாத்தியாக்கும்!"

முன்பக்கப் படத்தை அனுப்பவேயில்லை. பின்பக்கத்தை மட்டும் அனுப்பினேன். இந்தத் தடவை பதில் ஒரே வரி: உருவத்தை உடனே பத்திரமாக அனுப்பவும்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் ஸ்டேஷனுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பெட்டி செய்து வைக்கோல் திணித்தோம். வைக்கோலை முதுகுப் பக்கம் அவர்தான் வைத்தார், ஒவ்வொரு பிடியாக. ஆணி அடிக்கும் முன் கேட்டார்.

"அங்க எங்க சாமி வப்பாங்க?"

"பெரிய கூடம் இருக்கும். வரிசையா வப்பாங்க."

"செவுத்தோரமாவா?"

நான் அதுவரை எந்த மியூசியத்தையும் பார்த்ததில்லை. "தெரியாது" என்றேன்.

"செவுத்தோரமா வச்சா, கோயிலுக்கும் அதுக்கும் என்ன சாமி வித்தியாசம்? மறுபடி யாரும் பாக்கப் போறதில்ல. எழுதிப் போடுங்களேன். சுத்தி வர்ற மாதிரி வைக்கச் சொல்லி."

அப்படி எழுத எந்த விதியும் இல்லை. ஒப்படைக்கப்பட்ட பொருளை எப்படி வைப்பது என்று தாலுகா ஆபீஸ் ஆலோசனை சொல்ல முடியாது, அதிலும் கண்டெடுத்தவருடைய ஆலோசனையை. அனுப்புக் கடிதத்தில் தாசில்தார் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று. ஆபீஸ் நகலும் ஃபைலில் சேர்ந்தாயிற்று. ஆனால் கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் நான் செய்த ஒரே மோசடி அது. நுணுக்கி எழுதினேன்: 'இவ்வுருவைச் சுவரை ஒட்டி வைக்காமல், நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது கண்டெடுத்தவரின் கோரிக்கை; வைத்த விதத்தைத் தெரிவிக்கவும்.'

விடியுமுன் வண்டி கட்டி, பொழுது சாயுமுன் அரியலூர் போய்ச் சேர்ந்தோம். பார்சல் குமாஸ்தா கட்டண புஸ்தகத்தைப் புரட்டினார்.

"சாமானத்துப் பேரு சொல்லுங்க சார்."

"அம்மன்."

"அது புஸ்தகத்துல இல்லியே. பித்தளைச் சாமான்னு போட்டுக்கறேன். 'மேல் பக்கம்', 'கீழ் பக்கம்' எழுதிட்டீங்களா?"

"முதுகு எந்தப் பக்கம்னு எழுதணும் சாமி" என்றார் இவர் பின்னாலிருந்து.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். "அப்படில்லாம் ரயில்வேயில கெடையாதே?"

"இன்னிலேர்ந்து உண்டு" என்று சொல்லி, தார் மைக் குச்சியை வாங்கி, பெட்டியின் ஒரு பக்கத்தில் ஒரு சாண் எழுத்தில் 'முதுகு' என்று எழுதினேன். எழுத்து என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மை காயும்வரை அதன் மேல் ஈ உட்காராமல் விரட்டிக்கொண்டு நின்றார்.

ரயில் வந்தது. பெட்டியை ஏற்றினார்கள். எழுத்து எங்கள் பக்கமாகத்தான் இருந்தது. வண்டி நகர்ந்து வளைவு திரும்பும்வரை பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தேரடி முக்கில் ஒருவர் எப்படி நிற்பார் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

"யாருக்குன்னு கேட்டேன்ல, ஞாபகம் இருக்கா?" என்றார். "பின்னால செஞ்சது எங்களுக்குத்தான். முக்குல நிக்கறவனுக்கு. எவனோ ஒருத்தன் நெனச்சிப் பாத்திருக்கான்."

நான் தலையாட்டினேன்.

"இன்னொண்ணு. தப்பா எடுத்துக்கக் கூடாது. நெஜச் சாமிய முழுசா சுத்திப் பாத்துட்டேன். இனிமே உங்கள அப்படிக் கூப்பிட வாய் வரல. டவுன்ல எல்லாம் சார்ங்கறாங்களே, அப்படிக் கூப்பிடட்டுங்களா?"

"கூப்பிடுங்க" என்றேன்.

"அப்ப நான் வரேன் சார்."

கும்பிட்டார். திரும்பினார். பிளாட்பாரத்தின் நீளத்துக்கும் நேராக நடந்து போனார், ஒரு தடவைகூடப் பின்னாலே நகரவில்லை. அவர் முதுகை அன்றுதான் பார்த்தேன். வெயிலில் காய்ந்த, எலும்பு தெரிகிற, சாதாரண முதுகு. சாயங்கால வெளிச்சத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், செம்பு போல மின்னியது.

பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதலாமே என்றால், எதை நினைவூட்டுவது? ஆபீஸ் நகலில் அந்த வரியே இல்லை. அங்கேயும் யுத்தகாலம், பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருந்த சமயம். என் மோசடிக்கு நானே காத்திருக்க வேண்டியதாயிற்று. சர்க்கார் கொடுத்த விலையில் அவர் வீட்டுக்குக் கதவு போட்டார். மாதம் ஒரு தடவை வருவார். "வந்துச்சா சார்?" "வரலீங்க." அவ்வளவுதான். யுத்தம் முடிந்தது. சக்கரவர்த்தி படத்தை ஒரேயடியாக இறக்கினார்கள். தாசில்தார்கள் மூன்று பேர் மாறினார்கள்.

கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிடும் சட்டமும் வந்தது. அடுத்த தடவை அவரைப் பார்த்தபோது ஆவலாகக் கேட்டேன். "போனீங்களா?"

"போனேன் சார்" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாக, குறை சொல்வது போலவும் இல்லாமல், "முன்னால மட்டுந்தான் காட்டுறாங்க" என்றார்.

பிறகு ஒரு நாள் தபாலில் மியூசியத்தின் கடிதம் இருந்தது. புதுத் தாசில்தார் இரண்டு முறை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சுவரை ஒட்டி வைக்கலன்னு நமக்கு எதுக்குய்யா எழுதறாங்க? யாரு கேட்டா?" பழைய விஷயம், விசாரித்து ஃபைலில் சேர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த வாரமே கண்டெடுத்தவர் வந்தார். தாழ்வாரத்தில் என் பக்கத்து பெஞ்சில் உட்காரச் சொல்லிப் படித்துக் காட்டினேன். உருவம் கூடத்தின் நட்டநடுவில், மேடை மேல், நான்கு பக்கமும் நடக்க இடம்விட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பின்புறத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள் என்பதையும் கண்டெடுத்தவருக்குத் தெரிவிக்கவும்.

"இன்னொருக்கா படிங்க சார்."

படித்தேன்.

"பின்னாலயா நிக்கறாங்களாம்?"

"பின்னாலதான்."

"யாரு வேணா போலாமா?"

"யாரு வேணா."

கடிதத்தைக் கையில் வாங்கினார். எழுத்துகளின் மேல் கண்ணை ஓட்டினார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, மெதுவாகத் திருப்பினார்.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"இருக்கு சார்" என்று விரலை வைத்துக் காட்டினார். வரவு முத்திரையை முன்பக்கம்தான் குத்த வேண்டும் என்பது விதி. தபால் குமாஸ்தா அதைப் பின்பக்கம் குத்தியிருந்தான். ஊதா மையில், கொஞ்சம் சாய்ந்து: தாலுகா ஆபீஸ், பெரம்பலூர். 19 ஜூலை 1948.